எந்த வருஷத்து வாடகை?

பட்டணத்தில் வாடகை வீடு தேடி அலையாதவர்கள் மூன்று வகையினர்தாம். சொந்த வீட்டில் பிறந்தவர்கள் ஒரு வகை. மாமனார் வீட்டோடு தங்கிவிட்டவர்கள் இரண்டாவது வகை. பட்டணத்துக்கே வராதவர்கள் மூன்றாவது வகை. மற்ற எல்லோருக்கும் ஆயுளில் ஒரு தடவையாவது ஒரு தரகரின் பின்னால், வெயிலில், சந்து சந்தாக நடந்த அநுபவம் இருக்கும். அந்த அநுபவத்தைச் சொல்லும்போது பெரும்பாலோர் தரகரைத் திட்டிக்கொண்டேதான் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

2002ஆம் வருஷம் ஜூன் மாதம். எனக்குச் சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்திருந்தது. மாதம் 6,000 ரூபாய் சம்பளம். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வீடு பார்த்து, சாமான்களை இறக்கி, மனைவியை அழைத்துவர வேண்டும். "உனக்கு என்ன தெரியும் மெட்ராஸைப் பற்றி? நான் வருகிறேன்" என்று அப்பாவும் புறப்பட்டு வந்துவிட்டார்.

அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கும்பகோணத்தில் 700 ரூபாய் வாடகையில், கிணறும் முல்லைப் பந்தலும் உள்ள வீட்டில் இருந்தார். 1963இல் சென்னையில் படித்தபோது திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் 15 ரூபாய் வாடகைக்கு இருந்தவர். இந்த இரண்டு தொகைகளும் அவர் மனத்தில் கல்வெட்டுப் போலப் பதிந்திருந்தன. ரயிலில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டார். "கும்பகோணத்துக்கு 700 என்றால் மெட்ராஸுக்கு இரண்டு மடங்கு. 1,400. சரி, போனால் போகிறது, 1,500 கொடுப்போம். அதற்குமேல் கேட்பவன் கொள்ளைக்காரன்."

எங்களுக்கு வாய்த்த தரகருக்கு அறுபது வயதிருக்கும். வெளுத்த சட்டை, தேய்ந்த செருப்பு, கையில் ஒரு பழைய சைக்கிள். திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடைதான் அவருடைய ஆபீஸ். அப்பா தம் தேவைகளை வகுப்பில் பாடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். இரண்டு அறை வேண்டும். தனிச் சமையலறை வேண்டும். தண்ணீர் வசதி, காற்றோட்டம், கோயில் பக்கம். வாடகை 1,500. தரகர் சிரிக்கவில்லை. "கிடைக்காது" என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"சார், மெட்ராஸ்லே கடைசியா எந்த வருஷம் வீடு பாத்தீங்க?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் உமக்கு எதற்கு? வீடு இருக்கிறதா, இல்லையா?" என்றார். எனக்கும் அந்த மனிதர் குத்திக் காட்டுவதாகத்தான் பட்டது. ஆனால் சென்னைப் பட்டணத்தின் வாடகைச் சரித்திரம் முழுவதையும் திறக்கக் கூடிய சாவி அந்த ஒரு கேள்விதான் என்பது பிற்பாடு, பழைய சட்டங்களையும் பழைய விவரங்களையும் படிக்க நேர்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

யோசித்துப் பாருங்கள். வீடு தேடி வருகிறவர் சொல்லும் தொகை வானத்திலிருந்து விழுந்ததல்ல. முட்டாள்தனமும் அல்ல. அது ஒரு ஞாபகம். அவர் கடைசியாக வீடு பார்த்த வருஷத்தின் வாடகை, அல்லது அவர் விட்டுவந்த ஊரின் வாடகை. அதை மடியில் முடிந்துகொண்டு வருகிறார். வருஷம் மாறியிருக்கிறது; ஊர் மாறியிருக்கிறது; மடியில் இருப்பது மட்டும் மாறவில்லை. அந்தத் தொகைக்கும் நடப்பு வாடகைக்கும் நடுவில் ஒரு பள்ளம். ஒவ்வொரு காலத்திலும் சென்னை அந்தப் பள்ளத்தை ஒவ்வொரு விதமாக நிரப்பிப் பார்த்திருக்கிறது. பள்ளத்தின் கரையில் நின்று, "பார்த்து வாருங்கள்" என்று கைகாட்டுகிற வேலை மட்டும் எப்போதும் தரகருடையதாகவே இருந்திருக்கிறது.

சென்னையின் முதல் வீட்டுத் தரகர்கள் யார் என்று கேட்டால், துபாஷிகள் என்றுதான் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கும்பெனி உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்கள் மசூலாப் படகில் ஏறி, அலையில் நனைந்து, கரைக்கு வந்து சேருவார்கள். மணலில் கால் வைத்ததும் ஒரு துபாஷி எதிரே வந்து கும்பிடு போடுவார். தங்க இடம், சமையற்காரன், பல்லக்கு, அங்கி தைக்கத் தையற்காரன் எல்லாவற்றையும் அவரே ஏற்பாடு செய்வார். இரண்டு பாஷை அறிந்தவர் என்பதால் துபாஷி என்று பெயர். உண்மையில் அவருக்கு மூன்றாவது பாஷை ஒன்றும் தெரியும். அது பணத்தின் பாஷை.

அந்தப் பையன்களின் சம்பளம் சொற்பம். அவர்கள் மனத்திலோ இந்தியாவைப் பற்றி ஊரில் கேட்டுவந்த கதைகள். கோட்டைக்கு வெளியே மவுண்ட் ரோடு பக்கம் பெரிய உத்தியோகஸ்தர்கள் வைத்திருந்த தோட்ட வீடுகளைப் பார்த்தால் தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றும். துபாஷி "உங்கள் சம்பளத்துக்கு இது கட்டாது" என்று சொல்வாரா? சொல்லமாட்டார். "அதற்கென்ன துரையே, நான் இருக்கிறேன்" என்பார். வித்தியாசப் பணத்தை அவரே வட்டிக்குக் கொடுப்பார். அந்தக் காலத்துக் கணக்கு வராகனில். 1818இல்தான் சென்னையில் ரூபாய்க் கணக்கு நிலைத்தது, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் வீதம். துரை மகன் வராகன் கணக்கைப் புரிந்துகொள்வதற்குள் தலைக்குமேல் கடன் ஏறியிருக்கும். கும்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்கள் துபாஷிகளுக்குக் கடன்பட்டு அவர்கள் கைக்குள் அகப்பட்டுக்கொண்டது அக்காலத்துச் சரித்திரத்தில் எல்லோரும் அறிந்த சங்கதி. துபாஷிகள் எல்லோரையும் ஒரே தராசில் போட்டு நிறுத்துவது நியாயமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1794இல் காலமான பச்சையப்ப முதலியாரும் துபாஷியாக இருந்து பொருள் ஈட்டியவர்தாம். அந்தப் பொருளில் எத்தனை ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள்!

ஆக, பள்ளத்தை நிரப்பச் சென்னை கண்ட முதல் வழி, கடன்.

இரண்டாவது வழி, தூரம். 1901இல் இந்தப் பட்டணத்தின் ஜனத்தொகை 5 லட்சத்து 9 ஆயிரம். உத்தியோகம் தேடி வந்தவர்கள் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 'ஸ்டோர்' என்று ஒரு கட்டட வகை இந்தப் பட்டணத்துக்கே உரியது. நடுவில் ஒரு நீண்ட முற்றம். இருபுறமும் வரிசையாகக் குடித்தனங்கள். எல்லோருக்கும் பொதுவாகக் குழாய். ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லின் அர்த்தத்தை அகராதியில் பார்ப்பதைவிட அங்கே பார்ப்பது நல்லது. 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பியது. 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது.

அந்த ரயில் வந்த பிறகு தரகர்களின் கணக்கே மாறிப்போயிற்று. அதற்குமுன் வாடகை குறைந்தால் அறைதான் குறையும். ரயில் வந்த பிறகு அறை குறையவேண்டியதில்லை. மைல் கூடினால் போதும். "இதே வாடகையிலே இதைவிடப் பெரிய வீடு காட்டறேன், நாலு ஸ்டேஷன் தள்ளி" என்று சொல்ல முடிந்தது. ரூபாயை மைலாக மாற்றிக் கொடுக்கும் இந்த வித்தை இன்று வரையில் தரகரின் கைமுதல். தாம்பரம் போய், கூடுவாஞ்சேரி வந்து, மறைமலைநகர் தாண்டி, செங்கற்பட்டு வரையில் பட்டணத்தின் வாடகை ரயிலேறிப் போய்க்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது வழிதான் மிகவும் விசித்திரமானது. அது சட்டம்.

1939இல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. வாடகைகள் ஏறுவதைத் தடுக்க 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் சென்னையில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அது பிறந்த சில மாதங்களில் நிலைமை தலைகீழாயிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அவசியமான வேலை இல்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் ஓடினார்கள். "பூட்டிக் கிடந்தால் வீடு பாழாகிவிடும், வாடகை வேண்டாம், விளக்கேற்றிவைத்தால் போதும்" என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சியதாக என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே சமயத்தில் உள்ளூர்களில் மாட்டுக்கொட்டகைக்குக் கூட வாடகை ஏறியதாம்.

பிறகு பயம் தெளிந்து எல்லோரும் திரும்பினார்கள். அவர்களோடு பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் பர்மாவை விட்டு வந்த இந்தியர் ஏறக்குறைய 5 லட்சம். அவர்களில் தமிழர் ஏராளம். யுத்த கால வேலைகளைத் தேடி வந்தவர்கள் வேறு. 1941இல் 7 லட்சத்து 77 ஆயிரமாக இருந்த பட்டணத்தின் ஜனத்தொகை 1951இல் 14 லட்சத்து 16 ஆயிரமாயிற்று. 1946இல் நகர எல்லை விரிந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் இது சாதாரண வளர்ச்சி அல்ல. புதிதாக வீடு கட்டச் சிமெண்டும் இரும்பும் கிடைக்காத காலம் அது.

யுத்தம் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1946இல் ஒரு சட்டம், 1949இல் மற்றொரு சட்டம், 1960இல் மூன்றாவது சட்டம். 1949ஆம் வருஷத்துச் சட்டத்தில் நியாய வாடகையை எப்படி நிர்ணயிப்பது என்று ஒரு விதி இருக்கிறது. அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அந்தப் பேட்டையில், அதே மாதிரியான வீட்டுக்கு, 1940 ஏப்ரல் முதல் தேதிக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் என்ன வாடகை நடப்பில் இருந்ததோ அதை மனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது விதி. அதற்குமேல் ஓரளவு உயர்த்திக்கொடுக்க இடம் உண்டு. ஆனால் அடிப்படை வருஷம் அதுதான்.

1949இல் உட்கார்ந்துகொண்டு சட்டசபை 1940இன் வாடகையை நியாய வாடகை என்றது. டீக்கடைத் தரகர் அந்தச் சட்டசபையைப் பார்த்தும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

நான் அந்தச் சட்டத்தைப் பரிகாசம் செய்யவில்லை. அது இல்லாவிட்டால் எத்தனையோ குமாஸ்தாக்களும் விதவைகளும் நடுத்தெருவுக்கு வந்திருப்பார்கள். காரணமின்றிக் காலி செய்யச் சொல்லும் வழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம் போட்டது. ஆனால் பள்ளத்தைச் சட்டத்தால் மூடினால் பள்ளம் மறைகிறதே தவிர, நிரம்புவதில்லை. ரசீதில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற வழக்கம் ஏற்பட்டது. பகடி என்ற பெயரில் மொத்தமாக ஒரு பணம் கைமாறிற்று. வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு அந்த வீட்டை ஒதுக்கலாம். அதற்குப் பயந்து, காலியான வீடு காலியானதாகவே வெளியில் தெரியாதபடி பார்த்துக்கொண்டவர்கள் உண்டு. வாசலில் பலகை தொங்காத காலத்தில் எந்த வீடு காலி என்று யாருக்குத் தெரியும்? தரகருக்குத்தான் தெரியும். வாடகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் தரகரை இன்றியமையாதவராக்கிவிட்டது.

வீட்டுக்காரர்களின் கட்சியையும் சொல்ல வேண்டும். பழைய வாடகையில் பழைய குடித்தனம் நிலைத்துவிட்ட வீட்டுக்கு அவர்கள் சுண்ணாம்பு அடிப்பதைக் கூட நிறுத்தினார்கள். கூரை ஒழுகிற்று. வழக்குகள் வருஷக் கணக்கில் நடந்தன. அப்பா 15 ரூபாய்க்கு இருந்தாரே, அந்த மாடி அறையின் சுவரில் மழைக் காலத்தில் ஆலஞ்செடி முளைத்ததாம். அதை அவர் அழகாகத்தான் வர்ணிப்பார். அந்த 15 ரூபாயின் மறுபக்கம்தான் அந்த ஆலஞ்செடி என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

சட்டத்தில் எழுதிய தொகைகளும் மனிதர்கள் சொல்லும் தொகைகளைப் போலவே மூப்பு அடைகின்றன. 1973இல் செய்த திருத்தத்தில் குடியிருப்பு வீட்டின் நியாய வாடகை, நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்கு வைத்தார்கள். மாத வாடகை 400 ரூபாய்க்குமேல் உள்ள குடியிருப்புகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்றும் வைத்தார்கள். 400 ரூபாய் கொடுப்பவர் பணக்காரர்தானே என்ற எண்ணம். 1986இல் சுப்ரீம் கோர்ட் அந்த விலக்கை ரத்து செய்தது. இடைப்பட்ட காலத்தில் நகரங்களில் வாடகைகள் பன்மடங்கு பெருகிவிட்டதை நீதிபதிகள் அந்தத் தீர்ப்பில் எடுத்துச் சொன்னார்கள். 1973இல் சீமான் கொடுத்த வாடகையை 1986இல் சாதாரண மனிதரே கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் ஒரு சட்டத்தைப் பார்த்து, "இது எந்த வருஷத்துத் தொகை?" என்று கேட்ட கேள்விதான் அது.

இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாமல்தான் நானும் அப்பாவும் 2002இல் அந்தச் சைக்கிளின் பின்னால் நடந்தோம்.

முதல் நாள் தரகர் எங்களைத் திருவல்லிக்கேணியிலேயே ஒரு சந்துக்குள் அழைத்துப் போனார். வாடகை, அப்பா கேட்ட அதே 1,500. ஒரே அறை. பகலில் விளக்குப் போட வேண்டும். குழாய் ஆறு குடித்தனத்துக்குப் பொது. தரகர் உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நாங்கள் வெளியே வந்தபோது ஒன்றும் கேட்கவுமில்லை. இரண்டாம் நாள் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. இரண்டு அறை, தனிச் சமையலறை, கிழக்குப் பார்த்த வாசல், பக்கத்தில் கோயில். அப்பாவின் முகம் மலர்ந்தது. எங்கே கட்டில் போடுவது, எங்கே பூஜை அலமாரி வைப்பது என்றுகூடச் சொல்லத் தொடங்கிவிட்டார். வாடகை 4,500 என்று கேட்டதும் கட்டிலையும் அலமாரியையும் மனத்திலேயே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று மாலை முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் தரகர் எங்களை ரயிலில் குரோம்பேட்டைக்கு அழைத்துச் சென்றார். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. ஓர் அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஒரு கிணறு. வாடகை 2,600, பேசி 2,500 ஆக்கினார். கிணற்றில் எட்டிப் பார்த்த அப்பா, "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்றார். வீடு முடிந்துவிட்டது என்று தரகருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

மூன்று வீடுகளை இந்த வரிசையில் காட்டுவது தரகர்களின் பழைய உபாயம் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. வாயால் சொன்னால், தரகர் தம் கமிஷனுக்காக வாடகையை ஏற்றிச் சொல்கிறார் என்றுதான் நினைப்போம். ஆகவே அவர் சொல்வதில்லை, காட்டுகிறார். நாம் கேட்ட தொகைக்கு எது கிடைக்கும், நாம் கேட்ட வசதிக்கு எவ்வளவு ஆகும் என்று இரண்டையும் நம் கண்ணாலேயே பார்க்க வைக்கிறார். அப்புறம் நம் மனமே இறங்கி வருகிறது. வீட்டுக்காரரிடமும் அவர் இதே பாடுதான் படுகிறார். குடித்தனக்காரர் சொல்வது போன வருஷத்து வாடகை. வீட்டுக்காரர் கேட்பது அடுத்த வருஷத்து வாடகை. இந்த வருஷத்தில் நிற்கிறவர் தரகர் ஒருவர்தான். அதனால்தான் இரண்டு பக்கமும் அவரைத் திட்டுகிறார்கள். தண்ணீர் வராததை மறைப்பவர்களும், ஒரே வீட்டை ஐந்து பேருக்குக் காட்டி முன்பணத்தை ஏற்றிவிடுபவர்களும் அந்தத் தொழிலில் இல்லாமல் இல்லை. எல்லாத் தொழிலிலும் இருப்பவர்கள்தாம் அவர்கள்.

முன்பணம் என்றதும் அடுத்த இடி விழுந்தது. பத்து மாத வாடகை, 25,000 ரூபாய். அப்பா சட்டம் தெரிந்தவர். "ஒரு மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 1960ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறதே!" என்றார். அவர் சொன்னது உண்மைதான். சட்டம் அப்படித்தான் இருந்தது. தரகர் தலையை ஆட்டினார். "சட்டம் சரி சார். அதைச் சொன்னா வீட்டுக்காரர் ஒண்ணும் சண்டை போடமாட்டார். நாளைக்கு வேற ஆளுக்கு விட்டுடுவார்." அன்றிரவு அப்பா ஊருக்குப் போன் செய்தார். என் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. துபாஷியின் கடன் இருநூறு வருஷம் கழித்து எங்களைத் தேடி வந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

தரகருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். மூன்று நாள் நடந்த களைப்பு, முன்பணத்தின் ஆத்திரம், தம் கணக்குப் பொய்த்துப்போன வெட்கம் எல்லாவற்றையும் அப்பா அவர்மேல் இறக்கிவைத்தார். "1,500 என்று சொன்னவனை 2,500க்கு இழுத்துவிட்டீர். இதற்கு உமக்குக் கமிஷன் வேறா?" என்று 1,250 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். நான் பக்கத்திலேதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். தரகர் பணத்தை எண்ணிப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும் சார். தம்பி நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குமேல் குரோம்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கினேன். அதே பெட்டியின் ஜன்னல் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, "வீடு சௌகரியமா இருக்கா?" என்று விசாரித்தார். "நீங்கள் இந்தப் பக்கம் எங்கே?" என்றேன். "நான் கூடுவாஞ்சேரி தம்பி. திருவல்லிக்கேணியிலேதான் முப்பது வருஷம் இருந்தேன். வீட்டை இடிச்சுக் கட்டினாங்க. அந்த வாடகைக்கு அங்கே அப்புறம் எனக்குக் கிடைக்கலே" என்றார். ரயில் நகர்ந்துவிட்டது.

திருவல்லிக்கேணியில் ஒவ்வொரு சந்தின் வாடகையும் அறிந்தவர். அந்த வாடகையைக் கொடுக்கத்தான் அவரால் முடியவில்லை. அவருக்கும் ஒரு நாள் யாரோ மூன்று வீடு காட்டியிருக்க வேண்டும். அல்லது அவரே தமக்குக் காட்டிக்கொண்டிருப்பார். "எந்த வருஷம் வீடு பாத்தீங்க?" என்று அவர் அப்பாவைக் கேட்டது பரிகாசமே அல்ல. நோய் வந்து தேறியவன் புது நோயாளியிடம், "எத்தனை நாளாய்க் காய்ச்சல்?" என்று கேட்பதில்லையா, அந்த மாதிரிதான்.

பாக்கி 1,250 ரூபாயை அடுத்த சம்பளத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றிரவே நினைத்தேன். அடுத்த மாதம் வளையல் வட்டி. அதற்கடுத்த மாதம் மனைவிக்கு வைத்தியம். நாள் போயிற்று. ஒன்றரை வருஷம் கழித்துப் பணத்துடன் அந்த டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர், "அவர் வர்றதில்லீங்க, நாலஞ்சு மாசமாச்சு" என்றார். வீட்டு விலாசம் அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேருக்கு விலாசம் தேடிக் கொடுத்தவரின் விலாசத்தை நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு பட்டணம் இன்னும் மாறிவிட்டது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து தெற்கே கம்பெனிகள் பெருகின; வேளச்சேரியும் துரைப்பாக்கமும் ஆள் அடையாளம் தெரியாமல் மாறின. 1960ஆம் வருஷத்துச் சட்டமும் போயிற்று. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்தது. இப்போது வாடகை என்பது இருவரும் பேசி எழுத்தில் ஒப்புக்கொள்ளும் தொகை. நியாய வாடகையைக் கோர்ட்டில் நிர்ணயிக்கும் பேச்சு இல்லை. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்குமேல் போகக் கூடாது என்கிறது சட்டம். 2016ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் மனைகளையும் வீடுகளையும் விற்றுக்கொடுக்கும் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. வாடகைக்கு வீடு காட்டும் டீக்கடைத் தரகர் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

சென்ற வருஷம் என் தங்கை மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வீடு பார்க்கும் பொறுப்பு மாமாவான என்மேல் விழுந்தது. யாரோ கொடுத்த நம்பருக்குப் போன் செய்து, தரகரிடம் இடத்தையும் வசதியையும் சொல்லிவிட்டு, வாடகை 9,000க்குள் இருக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் தாராளமாகவே சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. மறுபுறத்தில் ஒரு கணம் பேச்சே இல்லை. இளைஞர் போலிருக்கிறது. பிறகு மரியாதையாகவே சொன்னார்: "சார், நேரிலே வாங்க. ரெண்டு மூணு வீடு காட்டறேன்."

போனேன். மூன்று வீடு காட்டினார். மூன்றாவது வீடு முடிந்தது. கமிஷனை முழுதாகக் கொடுத்துவிட்டு, அவருடைய வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் சொன்னார். செங்கற்பட்டுக்கும் அப்பால் ஓர் ஊர்.